மூன்றாவது ஓலைக்குள் சரியாக வேண்டிய முகம்

அன்று மாலை என் அறையில் நான்கு பேர் இருந்தோம். மேஜைக்கு இந்தப் பக்கம் நான். எதிரே ஸ்டூலில் பிலோமினா டீச்சர், வயது இருபத்தாறு. அவருக்குப் பின்னால், நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்ற அவருடைய அம்மா மரியம்மாள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் மருந்து கலக்கியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர் அருளப்பன். வராதவர் சவரிமுத்து. தாம்பரம் ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீசில் கிளார்க், அஸ்தினாபுரத்துக்காரர், பிலோமினாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்.

இளம் டாக்டர்களான நீங்கள், முகப்பருவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். புத்தகத்தில் இருப்பதை நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். எங்கள் காலத்தில் இல்லாத மருந்தெல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே மருந்தை விட்டுவிடுகிறேன். ஒரு முகத்தை ஒரே வாரத்தில் சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். அதைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் நான் கிளினிக் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பல்லாவரம் குவாரியில் ஜல்லி உடைத்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, படித்ததையெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு துடிப்பு. தலைவலி என்று வந்தவருக்கு மண்டையோட்டிலிருந்து தொடங்குவேன்.

"ரெண்டாவது ஓலையும் நேத்து வாசிச்சாச்சு டாக்டர். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. இந்த மூஞ்சியோட இவளை எப்படிக் கோயில்ல நிறுத்துவேன்?" என்றார் மரியம்மாள்.

எனக்கு ஓலை புரியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அருளப்பன் குரல் கொடுத்தார். "எங்க கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை பேர் வாசிப்பாங்க சார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட வந்து சொல்லுங்கன்னு. மூணாவது ஓலை தாண்டிட்டா அப்புறம் தாலிதான்."

"நீ மருந்தைக் கலக்கு அருளப்பா" என்றார் மரியம்மாள்.

டீச்சரின் நெற்றி, கன்னம், தாடை எங்கும் பரு. மஞ்சள் பூசியிருக்கிறார்கள், சந்தனம் அரைத்துப் போட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று பற்பசையும் தடவியிருக்கிறார்கள். நான் லென்ஸை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் ஆரம்பித்தேன். தோலுக்கு அடியில் எண்ணெய் சுரக்கும் பைகள் இருக்கின்றன. அவற்றின் வாய் அடைபட்டால் முதலில் கரும்புள்ளி தோன்றும். அடைபட்ட இடத்தில் கிருமி பெருகினால் சிவந்து சீழ் வைக்கும். கெட்ட ரத்தமோ உடம்புச் சூடோ காரணம் இல்லை. தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றியில் வழிந்தால் அதிகமாகும். நாளைக்கு நாலு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அதிகமாகும்.

"கிளாஸ் எடுக்கறது எம்பொண்ணோட வேலை டாக்டர். நீங்க மருந்து குடுங்க போதும்" என்றார் மரியம்மாள். டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் அந்தக் கிண்டல் அல்ல. லென்ஸில் கரும்புள்ளி ஒன்றுகூட அகப்படவில்லை. சாதாரணப் பருவில் எல்லாம் கலந்து கிடக்கும்: கரும்புள்ளி, நேற்று வந்தது, பழுத்தது, ஆறின தழும்பு. இங்கே ஒரே நாளில் விதைத்த கீரைப்பாத்தி மாதிரி எல்லாம் ஒரே வளர்த்தி. கழுத்தில், தோளில், ரவிக்கைக் கைக்குக் கீழே மேல்கையிலும் அதே. பதினாறு வயதில் ஒரு பருகூட வந்ததில்லை என்றார் அம்மா. அப்படியானால் இது வெளியிலிருந்து வந்த விருந்தாளி. உள்ளே போகிற ஏதோ ஒரு மருந்து இதைச் செய்கிறது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா டீச்சர்?"

"ஒண்ணுமில்ல" என்றார் அம்மா.

"தூக்கத்துக்கு, வலிப்புக்கு, நெஞ்சுச் சளிக்கு..."

"நெஞ்சுச் சளியா? எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டர்!"

சளிக்கு யாரும் வம்சத்தை இழுப்பதில்லை. நான் சொல்லாத ஒரு வியாதிக்கு அந்த அம்மாள் பதில் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் கூட வருகிறவர்தான் நோயாளிக்காகப் பேசுவார். புருஷனுக்குப் பெண்டாட்டி, மகளுக்கு அம்மா, அப்பாவுக்கு மகன். அது பாசம்தான், மரியாதைதான். ஆனால் நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டியது வராது. வயசுப் பெண்ணை விட்டுவிட்டு வெளியே போங்கள் என்று அம்மாவிடம் சொல்லவும் முடியாது. நானோ கல்யாணமாகாதவன். "அருளப்பன், லோஷனைக் குலுக்கிப் பூசும் முறையை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்க. அவங்கதானே வீட்டில் பூசிவிடப் போறாங்க" என்றேன்.

அருளப்பனுக்கு ஜாடை புரிந்துவிட்டது. "வாங்கம்மா. இது கந்தக லோஷன். அடியில தங்கிடும். சும்மா குலுக்கினா ஆவாது, அதுக்கு ஒரு பதம் கீது" என்று தொடங்கினவர், கல்யாணச் சமையல் போல விஸ்தாரமாகப் போனார். நடுவில் தொங்கியது ஒரு திரைதான். வாசல் கதவும் திறந்தே இருந்தது.

நான் மறுபடி கேட்பதற்கு முன்பே டீச்சர் தாழ்ந்த குரலில் சொன்னார். "டி.பி. மாத்திரை டாக்டர். சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நிறுத்திட்டேன்."

"எப்போது?"

"முதல் ஓலை வாசிச்ச அன்னைக்கு."

போன வருஷம் பரீட்சை சமயத்தில் இருமலில் ரத்தம் வந்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளிக் காசநோய் ஆஸ்பத்திரி. ஆனால் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று, அதைத் தாண்டி, எழும்பூர் வரை போய் மருந்து வாங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு. சளியில் கிருமி இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் மாத்திரை இன்னும் பல மாதம் போக வேண்டும்.

"மாத்திரை ஆரம்பிச்ச அப்புறந்தான் டாக்டர் பரு வந்துச்சு. நடுவுல மழையில ரயில் ஓடாம கொஞ்ச நாள் வாங்கப் போக முடியல. அப்ப அடங்குச்சு. மறுபடி ஆரம்பிச்சேன், மறுபடி வந்துச்சு. அப்ப மாத்திரைதானே காரணம்? அதான் நிறுத்திட்டேன். கல்யாணம் ஆனதும் திரும்பச் சாப்பிடறேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் கண்டுபிடித்தது சரி. முகப்பருவுக்குக் காரணம் அந்த மாத்திரைதான். சாப்பிட்டுப் பார்த்து, நிறுத்திப் பார்த்து, மறுபடி சாப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வந்திருக்கிறார். நமக்குப் பாடமாக வைத்ததும் அதேதான்: காரணத்தைக் கண்டுபிடி, காரணத்தை விலக்கு. இங்கே காரணத்தை விலக்கினால் முகம் பிழைக்கும், மனுஷி பிழைக்க மாட்டாள். நோய்க்குக் காரணம் என்ன என்று கேட்டால் மட்டும் போதாது, அந்தக் காரணம் அங்கே என்ன வேலையாக இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டேன். அந்த மாத்திரைகளில் சிலவற்றுக்கு ஒவ்வாமை வரும். காய்ச்சல், அரிப்பு, வாய்ப்புண், உடம்பெல்லாம் தடிப்பு. அப்படியானால் அந்த நிமிஷமே நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். டீச்சருக்கு அதெல்லாம் இல்லை. இது வெறும் பரு.

"நிறுத்தக் கூடாது டீச்சர். அரைகுறையாக விட்டால் மிச்சமிருக்கிற கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும். பிறகு அதே மாத்திரையைத் தின்றாலும் கேட்காது."

"ஒரு மாசந்தானே டாக்டர்?"

"ஒரு மாசமும் முடியாது."

"அப்ப பருவுக்கு?"

"லோஷன் பூசுங்கள், கிள்ளாதீர்கள். குறையும். ஆனால் கல்யாணத்துக்குள் போகாது. மாத்திரை முடிந்த பிறகுதான் முழுசாகப் போகும்."

"கடையில ஒரு வெள்ளை ஆயின்ட்மென்ட் விக்கிறாங்க. ஒரே வாரத்துல முகம் பளிச்சுனு ஆயிடுமாம். அதையாவது எழுதிக் குடுங்க."

எனக்கும் அந்த ஆயின்ட்மென்ட் தெரியும். ஸ்டீராய்டு. பூசினால் வீக்கமும் சிவப்பும் அடங்கும், தாலி கட்டும்போது முகம் மொழுமொழுவென்று இருக்கும். எல்லோரும் என்னைக் கைராசிக்காரன் என்பார்கள். நிறுத்தினதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். நிறுத்தாமல் பூசினால் தோலே மெலிந்து போகும். கைக்கு எட்டுகிற தூரத்தில் இப்படி ஒரு வழி இருக்கும்போது இல்லை என்று சொல்வதற்குத்தான் நமக்குச் சம்பளம். இல்லை என்றேன்.

"அப்ப நீங்க எதுக்கு டாக்டர்?" என்று கேட்டார் டீச்சர். கண் கலங்கியிருந்தது. நியாயமான கேள்வி.

பதிலுக்கு நானும் ஒரு கேள்வி கேட்டேன். "அஸ்தினாபுரம் வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பீர்கள்?"

"பெட்டியில."

"தினமும் கைநிறைய மாத்திரை விழுங்க ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும். புது மருமகள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் தண்ணீர் குடித்தால், அந்த வீட்டில் யாருமே பார்க்க மாட்டார்களா?"

திரைக்குப் பின்னால் அருளப்பன், "இப்ப இடது கையால குலுக்கறது எப்படின்னா..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை டீச்சர் தனியாக எழும்பூர் போயிருக்கிறார். அங்கே பரிசோதித்துவிட்டு, சளி சுத்தமாகத்தான் இருக்கிறது, இன்றைக்கே மறுபடி தொடங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை என் கிளினிக்குக்கு வந்தார். கூடவே சவரிமுத்து. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மசிக்கறை, எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியாத முகம்.

"தனியா சொன்னா பாதிதான் சொல்லுவேன். உங்க எதிர்ல சொன்னா முழுசா சொல்லிடுவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டீச்சர் அவர் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

சவரிமுத்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். "ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பொண்ணு பாக்க வந்தப்ப மாத்திரை சாப்ட்டுகினு இருந்தியா?"

"ஆமா."

"கோயில் திருவிழாவுல நான் குடிச்ச சோடாவ நீட்டினேன். வேணாம்னுட்ட. பொண்ணு கூச்சப்படுதுன்னு நெனச்சேன். அது இதுக்குத்தானா?"

"கூச்சமுந்தான்" என்றார் டீச்சர்.

"எனக்கு ஒட்டுமா சார்?" என்று என்னைக் கேட்டார் சவரிமுத்து. மாத்திரை ஒழுங்காகப் போனால் பயமில்லை, நிறுத்தினால் அவருக்கும் ஆபத்து உங்களுக்கும் ஆபத்து என்றேன். எழுந்தார். "எங்கம்மாகிட்ட பேசணும் சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, டீச்சரைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார். தடை சொல்வதென்றால் மூன்றாவது ஓலைக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"ஓடிப்போய் ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க சார்" என்று அருளப்பன் பதறினார். எனக்கும் கால் பரபரத்தது. ஆனால் என் நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சவரிமுத்துவைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைப்பது என் வேலை அல்ல. அவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் டீச்சர் மாத்திரையை விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. டம்ளரில் தண்ணீர் ஊற்றி நகர்த்தினேன். பையிலிருந்து எடுத்து, அழுதுகொண்டே விழுங்கினார். நெருக்கடியில் எல்லோருக்கும் எல்லாமும் ஆகத் தோன்றும். யார் உங்கள் நோயாளி என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கிளினிக் நிறையக் கூட்டம். மரியம்மாள் நேராக உள்ளே வந்தார்.

"குலுக்கிக் காட்டறேன்னு என்னை உள்ள அனுப்பிட்டு எம்பொண்ணு வாயைப் பிடுங்கியிருக்கீங்க! பரு போக்கச் சொன்னா சம்மந்தத்தையே போக்கடிச்சிட்டீங்களே. அவன் மாட்டேன்னுட்டா நீங்க கட்டிப்பீங்களா?"

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் தலை குனிந்து நின்றேன். மகளுக்காக ஒரு வருஷமாக எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் பயந்து பயந்து நடந்த பெண்மணியிடம் என்ன வாதாட? அப்போதுதான் வாசலில் இன்னொரு குரல் கேட்டது.

"யார்றா இங்க டாக்டரு? இந்தப் புள்ளையா? மீசையே இன்னும் சரியா மொளைக்கலியே!"

சவரிமுத்துவின் அம்மா அந்தோணியம்மாள். பின்னால் சவரிமுத்து, அவருக்கும் பின்னால் எப்படியோ பிலோமினா டீச்சர். மரியம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அந்தோணியம்மாள் டீச்சரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "தம்பி, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. மாத்திரைய நிறுத்தினா மூஞ்சி சரியாப் பூடுமா?"

"போய்விடும்."

"நிறுத்தலேன்னா?"

இங்கே ஒரு மழுப்பலான பதில் சொல்லியிருக்கலாம். பாதிக்கு மேல் குறைந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்று. கூடாது என்று பட்டது. இத்தனை நாளாக மழுப்பியதில்தான் இவ்வளவும் வந்தது. "கல்யாணத்தன்றும் பரு இருக்கும்மா. அதற்குப் பிறகும் இருக்கும்" என்றேன்.

அந்தோணியம்மாள் தாடையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப பரு கீதுன்னா மாத்திரை உள்ள போவுதுன்னு அர்த்தம்?"

"அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது. லோஷன் பூசினாலும் குறையும்..."

"லோஷன் ரொம்பப் பூசாத" என்றார் டீச்சரிடம். "என் பையன் நெஞ்சுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. தெனம் காலையில என் கண்ணெதிர்ல முழுங்கணும். முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டணும். பள்ளிக்கூடத்துல டீச்சரா இருப்ப, எங்க வூட்ல நான்தான் டீச்சரு. சரின்னா ஓலை வாசிக்கட்டும்."

"சரி அத்தை" என்றார் பிலோமினா.

"சம்மந்திம்மா, நீ இன்னாத்துக்கு சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிகினு நிக்கற? பயந்துகினு மறைச்ச. இன்னொரு வாட்டி மறைச்சன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று மரியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். மரியம்மாள் போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி இன்னும் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. யாரும் தடை சொல்லவில்லை. அருளப்பன் அதை என்னிடம் சொல்ல இரும்புலியூரிலிருந்து சைக்கிளில் வந்தார். அந்த வாரமே கல்யாணம். முகம் நிறையப் பருவோடும் தலை நிறையப் பூவோடும் மணப்பெண் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

அதன் பிறகு ஒரு நாள் அந்தோணியம்மாள் மருமகளை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பரு கொறஞ்சிப் போச்சு தம்பி. வாயில ஒதுக்கி வச்சிகினு வெளிய போய்த் துப்பிடறாளோ?" என்று புகார். மாத்திரை தின்றும் பரு சிலருக்கு மட்டுப்படும், லோஷனும் வேலை செய்கிறது என்று புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். பருவுக்காகச் சந்தோஷப்பட்ட மாமியாரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பருவைக் குணப்படுத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் நடக்கலாம் என்பதை அந்த வீட்டில் பார்த்தேன். உங்களிடம் பருவோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது மருந்தைவிட, இது இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஒரு ஆள். அந்த ஆளை நீங்கள் மருந்துச் சீட்டில் எழுத முடியாது. ஆனால் உண்மையை மறைக்காமல் சொன்னால், அவர்களாகவே வந்து சேர ஒரு வழி திறக்கும்.

மாத்திரைக் காலம் முழுசாக முடிந்தது. எக்ஸ்ரே சுத்தம். சில மாதங்களில் முகமும் சுத்தம், தாடையோரம் லேசான கருமை மட்டும் கொஞ்ச காலம் தங்கியது. குழந்தை பிறந்த பிறகு ஒரு காய்ச்சலுக்காக அஸ்தினாபுரம் வீட்டுக்குப் போனேன். சுவரில் கல்யாணப் போட்டோ, பெண்ணின் முகத்தில் பரு ஒவ்வொன்றும் தெரிந்தது. முந்தின வாரம் மரியம்மாள் வீட்டில் அதே போட்டோவைப் பார்த்திருந்தேன், அதில் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"எங்கம்மா உள்ளது உள்ளபடி வேணும்னுச்சு சார். பொண்ணோட அம்மா, எங்க அத்தை, பரு தெரியக் கூடாதுன்னு அழுதாங்க. ஸ்டுடியோக்காரன் பென்சிலால நெகட்டிவ்ல டச்சிங் பண்ணிக் குடுக்கறேன்னான். சரி, ஆளுக்கொண்ணு போடுன்னுட்டேன்" என்றார் சவரிமுத்து.

எழும்பூரில் மாத்திரைக்குக் காசு கிடையாது. லோஷனுக்கு நான் வாங்கவில்லை. ஆக, அந்த முகத்தைச் சரிசெய்ய அவர்களுக்குக் கடைசியில் ஆன செலவு, டச்சிங் கூலி மூன்று ரூபாய்.